அடிக்காத போன், அதிர்ந்த தொடை

போன மாதம் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் நின்றபடி போய்க்கொண்டிருந்தேன். ஒரு கையில் மேல்கம்பி, மறு கையில் காய்கறிப் பை. இடது தொடையில் போன் அதிர்ந்தது. ஒருமுறை, சற்று இடைவெளி, மறுபடி ஒருமுறை. யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று காய்கறிப் பையைக் கால்களுக்கு நடுவே இறக்கிவைத்துவிட்டு, பேன்ட் பைக்குள் கைவிட்டேன். கைக்குட்டையும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. வீடு திரும்பியதும் மனைவி, "என்னங்க, போனை சார்ஜர்லயே விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றாள்.

கைக்குட்டை அதிராது. அப்படியானால் தொடையில் அதிர்ந்தது எது?

உங்களுக்கும் இது நடந்திருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். தைவானில் 74 பயிற்சி மருத்துவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து, 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன்பே அவர்களில் 78 சதவீதம் பேருக்கு இந்தப் பொய் அதிர்வு இருந்தது. மூன்றாம் மாதத்தில் அது 96 சதவீதமாக ஏறியது. நள்ளிரவிலும் வார்டிலிருந்து அழைப்பு வரும், எடுக்காவிட்டால் பெரிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற பிழைப்பு. பயிற்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது 50 சதவீதமாக இறங்கிவிட்டது. அதே தொடை, அதே தோல். மாறியது, காத்திருப்பின் இறுக்கம் மட்டும்.

மழை பெய்யும் இரவில், வெளியே போன பிள்ளை திரும்பாத வீட்டை நினைத்துப் பாருங்கள். காற்றில் கேட் சற்று கிறீச்சிட்டாலும் அம்மா எழுந்து வாசலுக்குப் போவாள். அவள் காதில் கோளாறு இல்லை. பிள்ளை வந்து நிற்கும்போது கேட்காமல் போவதைவிட, வராதபோது பத்துமுறை எழுந்து போவது மேல் என்று அவள் மூளை கணக்குப் போட்டுவிட்டது. எவ்வளவு சத்தம் வந்தால் எழுவது என்ற வரம்பை அது தாழ்த்தி வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் இதை முடிவு வரம்பு என்பார்கள். பஸ் குலுங்கியதோ, துணி உரசியதோ, தொடைத் தசையில் ஓர் இழை துடித்ததோ, ஏதோ ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கும். அந்தக் குழப்பமான செய்திக்கு மூளை தன்னிடம் தயாராக இருந்த பதிலைப் பொருத்திவிட்டது: போன்.

போனைப் பற்றி, அதில் ஓடும் சமூக ஊடகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'மனம் கெடுகிறது', 'நேரம் கெடுகிறது' என்றே பேசுகிறோம். இந்தத் தொடைச் சமாசாரம் என்னை வேறு பக்கம் இழுத்தது. நம் உடல் அந்தக் கருவிக்கு உள்ளே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. நமக்குத் தகவல் சொல்லாமலேயே ஒதுக்கியிருக்கிறது. வேறு எதையெல்லாம் சொல்லாமல் செய்கிறது?

ஐம்புலன் என்று பள்ளியில் படித்தோம். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். ஐந்தும் தெருவைப் பார்த்த வாசல்கள். அடுப்பு எரிகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று வீட்டுக்குள் பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? பசி, தாகம், மூச்சு முட்டுவது, நெஞ்சு அடித்துக்கொள்வது, சிறுநீர்ப்பை நிறைவது, வயிற்றுக்குள் ஏதோ சுருட்டிப் பிடிப்பது, இவை எதுவும் அந்த ஐந்து வாசல் வழியாக வருவதில்லை. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலில், உடலின் உட்பரப்பிலிருந்து செய்தி எடுக்கும் நரம்பு முனைகளைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்று ஆய்வாளர்கள் புழங்கும் 'இன்டரோசெப்ஷன்' என்ற சொல். தமிழில் 'உள்ளுணர்வு' என்று சொல்லிவிடலாம்தான்; ஆனால் அந்தச் சொல், 'எனக்கு அப்பவே தோணுச்சு' என்கிற பொருளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே அகப்புலன் என்று வைத்துக்கொள்கிறேன்.

அகப்புலனின் செய்திகள் மூளைக்குள் வந்து சேரும் முக்கியமான இடம், காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழமான மடிப்பு ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிறது. பெயர் இன்சுலா. லத்தீனில் தீவு என்று பொருள். நாமும் தீவு என்றே சொல்லலாம்.

இந்தப் புலன் ஒருவருக்கு எவ்வளவு கூர்மை என்று எப்படி அளப்பது? ஜெர்மானிய உளவியலாளர் ரைனர் ஷான்ட்ரி 1981இல் ஓர் எளிய வழி சொன்னார். நீங்களும் செய்து பார்க்கலாம். மணிக்கட்டைப் பிடிக்காமல், நெஞ்சில் கை வைக்காமல், அசையாமல் உட்கார்ந்து, அரை நிமிடத்தில் இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று உள்ளுக்குள் கேட்டு எண்ண வேண்டும். இன்னொருவர் நாடி பிடித்து உண்மைக் கணக்கை எடுக்கட்டும். சிலருக்கு இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வரும். சிலருக்குச் சம்பந்தமே இருக்காது. எனக்கு வந்தது பாதி. இதில் ஓட்டை ஒன்று உண்டு: நிமிடத்துக்கு 72 என்று பாடப்புத்தகத்தில் படித்தவர், எதுவுமே உணராமல் 36 என்று சொல்லிப் பாஸாகிவிடலாம். அதனால்தான், ஒலிக்கும் மணியோசை உங்கள் துடிப்போடு சேர்ந்து வருகிறதா, தள்ளி வருகிறதா என்று கேட்கும் முறையும் புழக்கத்தில் உள்ளது. பிரிட்டனில் ஹ்யூகோ கிரிச்லியும் நண்பர்களும் 2004இல் இப்படிக் கேட்டபடியே மூளையைப் படம் பிடித்தார்கள். சரியாகச் சொன்னவர்களுக்கு வலப்பக்கத் தீவின் முன்பகுதி கூடுதலாக வேலை செய்தது.

சரி, இதயத் துடிப்பை எண்ணுவதற்கும் ரீல்ஸ் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?

இடையில் இருப்பது உணர்ச்சி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் ஒரு கட்டுரை எழுதினார். கரடியைப் பார்த்துப் பயப்படுகிறோம், அதனால் உடம்பு நடுங்குகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அவர் வரிசையைத் திருப்பிப் போட்டார். உடம்பு முதலில் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை நாம் உள்ளே உணர்வதுதான் பயம். இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது என்று வால்ட்டர் கேனன் போன்றவர்கள் பின்னால் நன்றாகவே வாதாடினார்கள். ஓடிவிட்டு வந்தாலும் நெஞ்சு அடிக்கிறது, கோபம் வந்தாலும் அடிக்கிறது, காய்ச்சலிலும் அடிக்கிறது. உடம்பை மட்டும் வைத்து எந்த உணர்ச்சி என்று எப்படிப் பிரிப்பது? இன்றைய பார்வை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உடல் ஒரு செய்தி அனுப்புகிறது. சூழலைப் பார்த்து மூளை அதற்குப் பெயர் வைக்கிறது.

தமிழ் படித்தவருக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது. உணர்ச்சியைப் பற்றிப் பேசத் தொல்காப்பியம் ஒதுக்கிய பகுதிக்கு மெய்ப்பாட்டியல் என்றே பெயர். மெய் என்றால் உடம்பு. அச்சம், வெகுளி, உவகை என்று எட்டை அது சொல்வது, உடம்பில் தோன்றித் தெரிவனவாக. புலவர்களை விடுங்கள், தெருவில் பேசுவதைக் கேளுங்கள். பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. புகழ்ந்தால் உச்சி குளிர்கிறது. அழுகைக்கு முன் தொண்டை அடைக்கிறது. ஃபின்லாந்தில் லௌரி நும்மென்மாவும் குழுவினரும் 2014இல் 701 பேரிடம் வெற்று மனித உருவப் படங்களைக் கொடுத்து, இந்த உணர்ச்சி வந்தால் உடம்பில் எங்கே இயக்கம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், தைவானிய மொழிக்காரர்களின் படங்கள் பெருமளவு ஒத்துப்போயின. கோபம் நெஞ்சிலும் கைகளிலும் ஏறியது. சோகத்தில் கைகால் தளர்ந்தது. நம் ஊரில் கேட்டிருந்தால் வயிற்றுக்கு ஒரு தனி வண்ணப் பெட்டி தேவைப்பட்டிருக்கும்.

உடல் செய்தி அனுப்புகிறது, மூளை பெயர் வைக்கிறது என்றேன். பெயர் தப்பாகவும் வைக்கும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு, செல்போன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. டால்ஃப் ஜில்மன் என்ற உளவியலாளர் 1972இல் வெளியிட்ட சோதனையில் நிலைமிதிவண்டி ஒன்றைப் பயன்படுத்தினார். வந்தவர்களில் சிலரை ஓர் ஆள் வேண்டுமென்றே சீண்டினார். பிறகு பாதிப்பேர் மூச்சிரைக்க மிதித்தார்கள்; மீதிப்பேர் உட்கார்ந்தபடி ஏதோ கோக்கும் வேலை செய்தார்கள். அடுத்து, சீண்டிய ஆளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்றார்கள் (உண்மையில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை). மிதித்து வந்தவர்கள் கூடுதல் அதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். மிதித்ததால் வந்த படபடப்பு, கோபத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது.

மூன்று ஆண்டு கழித்து ஜில்மனும் வேறு சில சகாக்களும் இன்னும் நுணுக்கமாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உடற்பயிற்சி முடிந்ததும் உடம்பு மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதல் கட்டத்தில் இதயம் அடித்துக்கொள்கிறது, அது பயிற்சியால்தான் என்று நமக்கும் தெரியும். கடைசிக் கட்டத்தில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நடுவில்தான் வில்லங்கம். உடம்பு இன்னும் அடங்கவில்லை, ஆனால் அடங்கிவிட்டது என்று நாம் நம்புகிறோம். ஒரு கிளுகிளுப்பான படத்தைப் போட்டுக் காட்டியபோது, இந்த நடுக்கட்டத்தில் பார்த்தவர்களே அதைக் கூடுதல் கிளர்ச்சி தருவதாகச் சொன்னார்கள். முதல் கட்டத்தில் பார்த்தவர்கள் ஏமாறவில்லை. மிச்சப் படபடப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவரை அது ஏமாற்றுவதில்லை. தெரியாதவரைத்தான் ஏமாற்றுகிறது.

இந்த நடுக்கட்டத்துக்கு நான் 'ஆறாத அடுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். விறகை இழுத்து அணைத்தாகிவிட்டது, தீ தெரியவில்லை, ஆனால் கல்லில் கை வைத்தால் சுடும். இரவு பத்து மணிக்கு ஒரு விபத்து வீடியோ, இரண்டு அரசியல் சண்டை, ஊரில் யாரோ கிரகப்பிரவேசம் வைத்த புகைப்படங்கள், எல்லாம் ஆறு நிமிடத்துக்குள் விரல் நுனியில் ஓடுகின்றன. போனைக் கீழே வைக்கிறேன். முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்போது பையன் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவனுக்கு விழும் அந்த அதட்டலில் எவ்வளவு அவனுக்கு உரியது, எவ்வளவு அந்த அரசியல்வாதிக்கு உரியது? புத்தகமோ சினிமாவோ ஒரு மூலத்தைக் கண்முன் வைத்திருக்கும். அழுதால், இந்தப் படத்துக்காக அழுகிறோம் என்று தெரியும். நூறு துண்டுகள் ஓடிய பிறகு எது எங்கே கிளறியது என்று சொல்ல ஆளில்லை.

நீல டிக் விவகாரமும் இப்படி உடம்பில்தான் தொடங்குகிறது. செய்தி போய்விட்டது, பார்த்தும்விட்டார், பதில் இல்லை. நெஞ்சுக்குழியில் ஒரு சின்னக் கவ்வல். உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் பூங்கா ஒன்றில் நாயோடு உட்கார்ந்திருந்தபோது, யாரோ இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் அவருக்கும் எறிந்தார்கள். கொஞ்ச நேரம் மூவரும் ஆடினார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்; இருந்தும் அவருக்கு ஏன் அவ்வளவு வலித்தது? அந்த வலியைக் கொண்டுபோய் ஆய்வகத்தில் வைத்தார். திரையில் மூவர் பந்து எறியும் ஒரு சிறு கணினி விளையாட்டு. சில நிமிடத்தில் உங்களுக்குப் பந்து வருவது நின்றுவிடும். எளிய பொம்மைப் படம்தான், ஆனாலும் ஆடியவர்கள் வாடிப்போனார்கள். எதிரே இருப்பது மனிதர் இல்லை, வெறும் கணினி என்று முன்கூட்டியே சொன்னபோதும் வலித்தது. 2004இல் வந்த இந்த முடிவை நினைத்துக்கொண்டால், நம் படத்துக்கு விருப்பக்குறி விழாதபோது 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று நமக்கு நாமே சொல்லும் சமாதானம் ஏன் எடுபடுவதில்லை என்று புரிகிறது. அறிவுக்குப் போகும் தபால் வேறு, வயிற்றுக்குப் போகும் தபால் வேறு.

உணர்ச்சி இல்லாத, வெறும் உடம்புச் சங்கதிகளும் உண்டு. ஜப்பானிய கண் மருத்துவர்கள் 1993இல் அலுவலகப் பணியாளர்களின் இமைப்பை எண்ணினார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை. புத்தகம் படிக்கும்போது 10. திரையைப் பார்க்கும்போது 7. இமைக்காத கண் காயும். மணல் விழுந்ததுபோல் உறுத்துவது அதனால்தான். மூச்சைப் பற்றிச் சொன்னவர் லிண்டா ஸ்டோன், முன்பு ஆப்பிளிலும் மைக்ரோசாஃப்ட்டிலும் வேலை பார்த்தவர். காலையில் மின்னஞ்சலைத் திறக்கும்போது தான் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்தார். பிறகு தெரிந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துப் பார்த்தார். நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். 2008இல் அதைப் பற்றி எழுதினார். இது முறையான ஆய்வு அல்ல, ஓர் அம்மா தன் பிள்ளைகளைக் கவனித்துச் சொல்வது போன்ற அவதானிப்பு. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து நானும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குடும்பக் குரூப்பில் 'டைப்பிங்' என்று ஓடும் அந்தச் சில நொடிகளில் எனக்கு மூச்சு ஓடுவதில்லை.

இவ்வளவு தொந்தரவு கொடுக்கும் ஒன்றை விரல் ஏன் விடமாட்டேன் என்கிறது?

புறாக்களிடமிருந்து ஒரு பதில். சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட தடித்த நூல் முழுக்க, பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும் பெட்டிகளைப் பற்றியது. கொத்தும்போதெல்லாம் விழாமல், எப்போது விழும் என்று சொல்ல முடியாதபடி விழுந்தால், புறா ஓயாமல் கொத்தும். தானியத்தை நிறுத்திவிட்டாலும் வெகுநேரம் கொத்தும். திரையைக் கீழே இழுத்து விட்டுப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தச் சைகை கொத்துதான்.

குரங்குகளிடமிருந்து இன்னொன்று. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோப்பமைன் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று பார்த்தார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது துடித்தன. சாறு வரப்போகிறது என்று ஒரு சைகை காட்டிப் பழக்கியபின், சைகையைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. 2003இல் வந்த தொடர் ஆய்வு இதைவிடச் சுவையானது: சாறு வருமா வராதா என்பது சரிபாதி வாய்ப்பாக இருந்தபோதுதான் காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்கள் மிக அதிகமாகப் பொங்கின. ஆக, டோப்பமைனை 'இன்ப ரசாயனம்' என்று பத்திரிகைகள் எழுதுவது பாதிக்கு மேல் தப்பு. அது நாக்கைவிடக் கையோடு சம்பந்தப்பட்டது. கென்ட் பெரிட்ஜ் இதை எலிகளில் காட்டினார். டோப்பமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலி, சாப்பாட்டைத் தேடிப் போகாது, பட்டினி கிடக்கும். ஆனால் அதன் நாக்கில் இனிப்பை வைத்தால் வழக்கம்போல் நாக்கைச் சுழற்றி ரசிக்கும். வேண்டும் என்பது ஒரு எந்திரம், பிடிக்கிறது என்பது இன்னொரு எந்திரம். மிக்சர் தட்டின் முன் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். வயிறு எப்போதோ போதும் என்றிருக்கும், நாக்குக்குக்கூட அலுத்திருக்கும், கை மட்டும் போய்ப் போய் வரும். தட்டு காலியானால் அதுவும் நிற்கும். அடிப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் தானாக நிரம்பும் தட்டை 2006இல் வடிவமைத்தவர் அஸா ராஸ்கின். முடிவில்லாமல் உருளும் பக்கம் அது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் சமூக ஊடகம் ஆளைக் கெடுக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அங்கேதான் எண்கள் கையைப் பிடிக்கின்றன. ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரைபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளம்பருவத்தினரின் தரவுகளை அலசி 2019இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குள் நலவுணர்வில் காணப்பட்ட வேறுபாட்டில், டிஜிட்டல் கருவிகளோடு சேர்த்துச் சொல்லக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் நலவுணர்வுக்கும் உள்ள தொடர்பும் ஏறக்குறைய இந்த அளவுதான் என்று அவர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் 2018 தேர்தலுக்கு முன் நடந்த பெரிய சோதனையில், பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடவைத்தார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவு கொஞ்சம் கூடியது, கொஞ்சம்தான். நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது.

ஆனால் சராசரியை நம்பிச் செருப்பு வாங்க முடியாது. ஊரில் எல்லாருடைய கால்களையும் அளந்து, கூட்டி வகுத்து, எட்டாம் எண் செருப்பு என்று கடை முழுக்க அடுக்கினால் பாதிப்பேர் வெறுங்காலோடு திரும்ப வேண்டும். நெதர்லாந்தில் இனே பெயன்ஸும் பட்டி வால்கன்பர்கும் குழுவினரும் 2020இல் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு காலையும் தனியாக அளந்துபார்த்தார்கள். 63 இளம்பருவத்தினரிடம் ஒரு வாரம், நாளுக்கு ஆறு முறை, 'இப்போது எப்படி இருக்கிறாய், சற்றுமுன் எவ்வளவு நேரம் பார்த்தாய்' என்று போனிலேயே கேட்டார்கள். பிறகு எல்லாரையும் ஒரே குவியலாகப் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு எழுதினார்கள். சும்மா உருட்டிப் பார்ப்பதால் 46 சதவீதம் பேர் முன்பைவிட நன்றாக உணர்ந்தார்கள். 44 சதவீதம் பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. 10 சதவீதம் பேருக்கு மோசமானது. மூன்றையும் கூட்டி வகுத்தால் மிகச் சிறிய மாற்றம் என்றுதான் வரும். அந்தப் பத்தில் ஒருவர் அங்கே காணாமல் போய்விடுவார்.

இடையிடையே குறுக்கிட்டுக் கேட்கும் இந்த முறைக்கு வயது அதிகம். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் சிகாகோவில் ஆட்களுக்குப் பேஜர் கட்டிவிட்டார். அது கூவும்போதெல்லாம் என்ன செய்கிறோம், எப்படி உணர்கிறோம் என்று எழுத வேண்டும். அப்போதே பிடிக்காவிட்டால் உணர்ச்சி நழுவிவிடும். 'இன்று எவ்வளவு நேரம் போன் பார்த்தீர்கள்' என்று ராத்திரி கேட்டால் வரும் பதிலும், போன் தானே குறித்துவைத்த கணக்கும் சுமாராகத்தான் ஒத்துப்போகின்றன என்று 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இதைப் படித்தபின் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு வாரம். போனை எடுக்கும் முன், வைத்ததும், பத்து நிமிடம் கழித்து, மூன்று வேளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மனம் எப்படி இருக்கிறது என்று எழுதக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. உடம்பை மட்டும் எழுத வேண்டும்: தாடை, தோள், வயிறு, மூச்சு, உள்ளங்கை. பத்து நிமிடம் கழித்து என்பது ஜில்மனிடமிருந்து திருடியது.

முதல் இரண்டு நாள் 'ஒன்றுமில்லை', 'ஒன்றுமில்லை' என்றே இருக்கிறது. இதயத் துடிப்பில் பாதியை எண்ணத் தவறியவன் வேறென்ன எழுதுவான்? மூன்றாம் நாள், 'தாடை கடித்திருக்கிறது' என்று ஒரு வரி. அதன்பின் வரிசையாக வந்தன. என் அரசியல் ஆவேசம்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். அந்தச் சண்டைகளைப் படித்தபோது முகம் சூடானது உண்மை; பத்து நிமிடத்தில் ஆறியும் போனது. ஆறாதது வேறு. கல்லூரி நண்பர்கள் சிலர் அமெரிக்க வீட்டுப் பனியைப் படம் எடுத்துப் போடுவார்கள். நான் விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். மகிழ்ச்சி என்றே நினைத்திருக்கிறேன். நோட்டில் நான்கு இடத்தில் 'மேல்வயிறு இறுக்கம்' என்று இருந்தது, பத்து நிமிடம் கழித்தும். வயிற்றெரிச்சல் என்ற சொல்லைக் கண்டுபிடித்த பாட்டிக்கு ஸ்கேன் எடுக்க வசதி இருந்ததில்லை. இன்னொரு பக்கம், வெட்டிப்பேச்சு என்று நான் ஏளனம் செய்துவந்த, பெரியப்பா தினமும் பழைய பாட்டு அனுப்பும் குரூப்பைத் திறந்தபோதெல்லாம் தோள் இறங்கியிருக்கிறது.

எழுதுவதாலேயே கொஞ்சம் மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கும் ஆய்வு உண்டு. மேத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியது: கோபமான, பயந்த முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சியின் பெயரைச் சொல்லச் சொன்னால், மூளையின் அபாயமணி என்று சொல்லத்தக்க அமிக்டலாவின் கூச்சல் தணிகிறது. 2012இல் சிலந்திப் பயம் உள்ள 88 பேரை உயிருள்ள பெரிய சிலந்தியின் அருகே கொண்டுபோய், சிலரை மட்டும் தங்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்தபோது, அப்படிச் சொன்னவர்களின் உள்ளங்கை வேர்வை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 'பயமில்லை, பயமில்லை' என்று தேற்றிக்கொண்டவர்களைவிட, 'பயமாயிருக்கு' என்றவர்கள் மேல்.

எல்லாருக்கும் இந்த நோட்டு ஆகாது. இதயம் சற்று வேகமாக அடித்தாலே மாரடைப்போ என்று கலங்குகிறவர்கள் ஏற்கெனவே உள்ளே அளவுக்கு மீறி ஒட்டுக் கேட்கிறவர்கள். அவர்களை இன்னும் கேளுங்கள் என்று சொல்வது தப்பு. மூன்று வேளைக்கு மேல் நானும் எழுதவில்லை. அதற்கு மேல் எழுதினால் நோட்டே இன்னொரு போனாகிவிடும்.

வாரம் முடிந்து, நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இதை எழுத உட்கார்ந்தேன். போன் அடுத்த அறையில் இருக்கிறது. சற்றுமுன் இடது தொடையில் ஓர் அதிர்வு. ஒருமுறை, சற்று இடைவெளி, மறுபடி ஒருமுறை. கை தானாக இறங்கித் தடவியது. குளித்துவிட்டு வேட்டி கட்டியிருக்கிறேன். வேட்டிக்குப் பை கிடையாது.